பரமலிங்கத்தின் காரில் ஏறிய கொடி

புத்தூரில் எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வளவு பரமலிங்கம் மாமாவுடையது. அவரைத் தேடி வருகிறவர்கள் வீட்டு இலக்கம் கேட்பதில்லை. சாம்பல் நிற ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார் நிற்கிற வீடு என்று கேட்டால் போதும், சின்னப் பிள்ளையும் காட்டிவிடும். அந்தக் காரில்தான் அவர் இத்தனை காலமும் வாடகைக்கு ஓடுகிறார். ஐம்பத்தேழாம் ஆண்டுக் கார். அவரும் அதே ஆண்டில் பிறந்தவர்.

"நானும் உவளும் ஒரே வயசு. ஆனா உவளுக்கு இன்னும் மூட்டுவலி வரேல்லை" என்பார்.

காருக்கு மூட்டுவலி இல்லை என்பது முழு உண்மையல்ல. பின்பக்க இடது கதவு அவர் கைக்கு மட்டுந்தான் திறக்கும். பிடியைக் கொஞ்சம் தூக்கி, கதவை உள்ளே ஒரு தள்ளுத் தள்ளி, பிறகு இழுக்கவேண்டும். ஒவ்வொரு முறையும் திருத்தவேண்டும் என்று சொல்லுவார், திருத்தமாட்டார். அதனால் அவருடைய காரில் ஏறுகிறவர்கள் எல்லோருக்கும், அவர்கள் கலியாணப் பொம்பிளையாக இருந்தாலும் பல்லுப் பிடுங்கப் போகிறவர்களாக இருந்தாலும், மாமா இறங்கிச் சுற்றி வந்து கதவு திறந்துவிடுவார். இறங்கும்போது ஒரே வசனம்: "பார்த்து இறங்குங்கோ, தலை இடிபடும்."

அந்தக் கதவால் அதிகமாக ஏறி இறங்கியவர் அவருடைய மனைவி நல்லம்மா மாமிதான். கலியாணத்தன்று பின்சீற்றில் ஏறினவர், இன்றுவரை முன்சீற்றுக்கு வரவில்லை. சந்தைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் பின்னால், இடது பக்கம், மடியில் பையோடு நிமிர்ந்து இருப்பார். தெரியாதவர்கள் பார்த்தால் மாமா யாரோ பெரிய இடத்து அம்மாவை ஏற்றிக்கொண்டு போகிறார் என்றுதான் நினைப்பார்கள். முன்னுக்கு வந்து இருக்கச் சொல்லி மகள் உதயகலா ஒருமுறை கேட்டாள்.

"முன்னுக்கு இருந்தால் உவர் றோட்டைப் பாக்கமாட்டார், என்னைப் பார்த்துக் கதைப்பார்" என்று மாமி சொன்னார்.

காரில் கொடி கட்டுவது மாமாவுக்குப் புதிதல்ல. யுத்தத்தில் பெற்றோல் இல்லாத காலத்தில் அந்தக் கார் மண்ணெண்ணெயில் ஓடியது. பிள்ளைப்பேற்றுக்குத் துடிக்கிற பெண்களையும் காயக்காரரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது, வெள்ளைத் தலையணை உறையை ஒரு தடியில் கட்டி முன்னால் செருகிக்கொள்வார். மேலே பறக்கிறவனுக்கு அந்தத் துணி தெரிகிறதா, தெரிந்தாலும் அவனுக்கு அது பொருட்டா என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் கட்டாமல் புறப்பட்டதில்லை. அந்தக் காலம் முடிந்தபிறகும் செத்தவீட்டு ஓட்டங்களுக்குக் கறுப்புத் துணி கட்டச் சொல்லிக் கேட்பார்கள். அதையும் கட்டினார்.

இதெல்லாம் அவரை யோசிக்க வைத்திருந்தது என்று எனக்குத் தெரியாது. போன வருடந்தான் தெரியவந்தது.

தூரத்துக் கடல் ஒன்றிலுள்ள சிறு தீவு நாட்டின் ஜனாதிபதி யாழ்ப்பாணம் வருவதாக இருந்தது. வயதான அம்மையார். எங்கள் ஊரின் பழைய கார்களைப் பற்றி யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்றில் கொஞ்சத் தூரம் போகவேண்டும் என்று கேட்டிருந்தார். பொது நூலகத்திலிருந்து கோட்டை வரைக்கும் என்று முடிவானது. மொழிபெயர்ப்புக்காக என்னை எடுத்திருந்தார்கள். நல்ல பழைய கார் எங்கே இருக்கிறது என்று பேச்சு வந்தபோது மாமாவின் காரைச் சொன்னேன்.

ஒழுங்குகளுக்குப் பொறுப்பாக வந்தவர் குகதாசன். கொக்குவிலில் பிறந்து கொழும்பில் வேலை பார்ப்பவர். காரை வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவருக்குப் பிடித்துவிட்டது.

"ஐயா, கார் மட்டும் எங்களுக்குக் காணும். ஓட்டுறதுக்கு எங்கடை பெடியன் லக்ஷன் இருக்கிறான். பயிற்சி எடுத்தவன்."

மாமா தலையைச் சொறிந்தார். "காரைத் தாறதெண்டால் என்னோடை சேர்த்துத்தான், தம்பி."

குசினிக்குள் இருந்து மாமியின் குரல் வந்தது. "அவரைக் கழட்டிப்போட்டுத் தனியக் கார் எடுக்கேலாது, தம்பி. ரெண்டையும் ஒரே ஆணியிலைதான் பூட்டியிருக்கு."

குகதாசன் சிரித்துவிட்டார். மேலிடத்தில் கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லிப் போனார். பொலிஸ் வந்து விசாரித்தது, மாமாவின் லைசென்சைப் படம் எடுத்தது, பிறகு சரி என்றார்கள்.

அன்று பின்னேரம் வேலியடியில் மாமா என்னிடம் சொன்னார். "பிள்ளை, உந்தக் காரிலை நான் எத்தினை துணி கட்டிப்போட்டன். ஒண்டு சாவுக்குப் பயந்து கட்டினது, மற்றது செத்தாப் பிறகு கட்டினது. ஒருக்கா, ஒரேயொருக்கா, நல்ல கொடி ஒண்டோடை என்ரை கையாலை ஓட்டிப் பாக்கவேணும். ஒரு கிலோமீற்றர் எண்டாலும் காணும்."

அந்த நாட்டின் கொடி ஒரு பெட்டியில் வந்தது. கைக்குட்டையைவிடச் சற்றுப் பெரியது. நீலமும் பச்சையும், ஓரத்தில் பொன்னிறக் குஞ்சம், நடுவில் ஒரு வெண்சங்கு. பழைய காரில் கொடி பூட்ட இடமில்லாததால் அச்சுவேலியில் ஒரு பட்டறையில் சிறு குழாய் செய்து முன் மட்கார்டில் பூட்டினார்கள். வெள்ளிபோல் மினுங்குகிற கம்பியை அதில் செருகிப் பார்த்தார்கள். சரியாக இருந்தது. கொடிக்கு ஒரு கறுப்பு உறையும் இருந்தது.

"ஐயா, இதொண்டுதான் முக்கியம்" என்றார் குகதாசன். "கொடி எண்டால் அந்த அம்மா காருக்குள்ளை இருக்கிறா எண்டு அர்த்தம். அவ ஏறினாப் பிறகுதான் உறையைக் கழட்டலாம். இறங்கின உடனை மூடவேணும்."

"ஓம், தம்பி."

"மறக்கமாட்டியளே?"

"உதிலை மறக்க என்ன இருக்கு?"

மாமா மறக்கவில்லை. பிழை வேறு பக்கத்தால் வந்தது.

ஒத்திகைக்குப் பிறகு கொடி மாமா வீட்டிலேயே தங்கியது. சங்குக் கொடியை அலுமாரிக்குள் வைக்க மாமிக்கு மனம் வரவில்லை. பெட்டியைச் சாமியறையில் கொண்டுபோய் வைத்தார். சாமியறையில் கொடி இருந்தால் வீடு திருவிழா வீடு. வீடு கழுவியாயிற்று. மீன், மச்சம் எல்லாம் நின்றது. மீன் இல்லாமல் ஒருவாய் சோறு இறங்காத மாமா, கத்தரிக்காயையும் பூசணிக்காயையும் பார்த்துப் பார்த்து மெலிந்தார்.

"எப்ப உந்தக் கொடி இறங்கும் எண்டு கேட்டுச் சொல்லு, பிள்ளை. என்ரை வாய் செத்துப்போச்சு."

"கோயில் கொடியேறினால் பேசாமல் இருக்கிறியள்தானே?" என்று மாமி அதட்டினார். "ஒரு நாட்டின்ரை கொடி வீட்டை வந்திருக்கு. உவருக்கு விளைமீன் கேக்குது."

அந்த நாள் காலையில் நான் நீர்வேலியில் நின்றேன். அம்மையார் முதலில் அங்கே ஒரு வாழைத் தோட்டம் பார்ப்பதாக நிகழ்ச்சிநிரல். பிறகு அதே வீதியால் வாகனத் தொடரில் நகரத்துக்கு வருவார். மாமா அதற்கு முன்பே காரை நூலகத்தடியில் கொண்டுபோய் விடவேண்டும். புத்தூரில் நடந்ததை மாமியே பிறகு எனக்குச் சொன்னார்.

கார் கழுவிக் கொடிக்கம்பி பூட்டியாயிற்று. கொடி உறைக்குள் இருந்தது. மாமி கற்பூரத்தட்டோடு வந்தார்.

"மூடின கொடிக்கு என்னெண்டு கற்பூரம் காட்டுறது? ஒருக்காக் கழட்டுங்கோ."

மாமா கழற்றினார். கொடி விரிந்து காற்றில் ஒரு அடி அடித்தது. அயலில் நின்றவர்கள் கைகூப்பினார்கள். யாரோ தேங்காய் உடைத்தார்கள். கற்பூரம் அணைந்தது. மாமா உறையை எடுத்துக்கொண்டு கொடிக்குக் கிட்டப் போனார். கை போகவில்லை.

"என்ன யோசிக்கிறியள்?" என்றார் மாமி.

"மூடச் சொன்னவர்."

"ஏறின கொடியையோ? காரியம் முடியமுதல்?" மாமி திகைத்துப்போனார். "தேர் இல்லை, தீர்த்தம் இல்லை, கொடியை இறக்கினால் என்னப்பா அது? அந்த மனுசி கடல் கடந்து வந்திருக்கிறா. அவவுக்கு ஏதும் ஒண்டு நடந்தால் ஆர் பதில் சொல்லுறது?"

எங்கள் பக்கத்தில் பிறந்தவர் யாராலும் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போகமுடியாது. மாமாவும் தாண்டவில்லை. உறையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். கதவைத் தூக்கி, தள்ளி, இழுத்துத் திறந்தார். கல்வியங்காட்டில் உதயகலா வீட்டில் இறங்கி, அவள் வாசலில் நின்று கார் போவதைப் பார்ப்பதுதான் மாமியின் திட்டம். நல்ல கூறைச்சேலை கட்டியிருந்தார். வழக்கம்போலப் பின்சீற்றில் இடது பக்கம் ஏறி நிமிர்ந்து இருந்தார்.

கோப்பாய்ச் சந்தியில் நின்ற பொலிஸ்காரர் கொடியைக் கண்டார். உடனே மற்றப் பக்க வாகனங்களை மறித்து, காலைச் சேர்த்து, சல்யூட் அடித்தார்.

"ஆருக்கப்பா உவர் அடிக்கிறார்?" என்று மாமி கேட்டார்.

"தெரியேல்லை. நீ சும்மா இரு."

அதைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் ஒரு பள்ளிக்கூடம். பிள்ளைகள் வீதியின் இரண்டு பக்கமும் காகிதக் கொடிகளோடு நின்றார்கள். கொடி கட்டின காரில் ஒரு வயதான அம்மா வருவார், தலைமயிர் நரைத்திருக்கும், அவ்வளவுதான் அவர்களுக்குச் சொல்லியிருந்தது. கொடி கட்டின கார் வந்தது. நரைத்த தலையோடு ஒரு அம்மாவும் இருந்தார். பாண்ட் வாத்தியம் முழங்கியது. மாமா ஆட்களை இடித்துவிடக் கூடாதென்று காரை மெல்ல விட்டார். அவர்களுக்கு அது இன்னும் பொருத்தமாகத் தெரிந்தது. பள்ளிக்கூடத்து அதிபர் அம்மா மாலையோடு ஓடிவந்து கதவைத் திறக்கப் பார்த்தார். கதவு திறக்குமா? கண்ணாடி இறக்கியிருந்த இடத்தால் மாலையை உள்ளே நீட்டி, ஆங்கிலத்தில் ஏதோ நல்வரவு சொன்னார்.

மாமி மாலையை வாங்கிக்கொண்டார்.

"வேறை என்ன செய்யிறது, பிள்ளை?" என்று பிறகு என்னிடம் கேட்டார். "அந்த மனுசி வேர்த்து விறுவிறுத்து ஓடி வாறா. பூமாலையை வேண்டாம் எண்டு சொல்லலாமோ? நான் கழுத்திலை போடேல்லை. மடியிலை வைச்சிருந்தனான். பிள்ளையள் கையாட்டிச்சுதுகள். நானும் ஆட்டினனான்."

உதயகலா வீட்டு வாசலில் கார் நிற்கவில்லை. மாமாவுக்கு அப்போதுதான் நடந்தது உறைத்திருக்கவேண்டும்; நூலகம் வரைக்கும் எங்கும் நிறுத்தாமல் ஓட்டினாராம். வாசலில் நின்ற மகள், தகப்பன் கொடிக்காரில் தாயை ஏற்றிக்கொண்டு தன்னைப் பார்க்காமலே போவதைக் கண்டு வாயில் கைவைத்தாள்.

வாகனத் தொடர் அந்தப் பள்ளிக்கூடத்தடிக்கு வந்தபோது வரிசை குலைந்து, பிள்ளைகள் சர்பத் குடித்துக்கொண்டு நின்றார்கள். அம்மையார் கண்ணாடியை இறக்கிக் கையாட்டினார். இரண்டொரு பிள்ளைகள் கிளாசோடு கையாட்டினார்கள்.

நாங்கள் நூலகத்துக்கு வரமுதலே யாரோ தொலைபேசியில் எடுத்த வீடியோ குகதாசனுக்கு வந்துவிட்டது. அம்மையாரை வரவேற்று உள்ளே அழைத்துப் போனார்கள். குகதாசன் என்னையும் கூட்டிக்கொண்டு காரடிக்கு வந்தார். அவர் சத்தம் போடவில்லை. மாமாவின் சட்டைப் பையில் தெரிந்த உறையைத் தானே எடுத்துக் கொடிக்குப் போட்டார்.

"ஐயா, நான் உங்களுக்கு என்ன சொன்னனான்?"

"அவ ஏறினாப் பிறகுதான் திறக்கவேணும் எண்டு."

"பிறகு?"

"கற்பூரம் காட்டத் திறந்தது, தம்பி. ஏறின கொடியை இடையிலை மூட மனம் வரேல்லை."

குகதாசன் உறையின் நுனியை இழுத்துச் சரிசெய்தார். கொக்குவிலில் பிறந்தவர், அந்தப் பதிலுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. "என்ரை அம்மாவும் மூடவிடமாட்டா" என்று மெல்லச் சொன்னார். பிறகு கையை நீட்டினார். "ஆனா மேலை நான்தான் பதில் சொல்லவேணும். திறப்பைத் தாங்கோ, ஐயா. லக்ஷன் ஓட்டட்டும். கோவிக்காதேங்கோ."

மாமா திறப்பை எடுத்துக் கொடுத்தார். சாவி வளையத்தில் தொங்கிய சிறு பிள்ளையாரை ஒருமுறை துடைத்துவிட்டுத்தான் கொடுத்தார். அவர் ஒரு வார்த்தை மன்றாடியிருந்தால் எனக்குப் பார்க்கச் சுகமாக இருந்திருக்கும்.

அம்மையார் வெளியே வந்தார். மாமா கடைசியாக ஒரு வேலை செய்தார். கதவைத் திறந்து மாமியை இறக்கினார். மாமி மாலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நேரே நடந்தார். பாதுகாப்புக்காரர் குறுக்கே வந்தார். கூறைச்சேலை கட்டின கிழவியையும் பூமாலையையும் பார்த்து, ஒதுங்கிக்கொண்டார்.

"பிள்ளை, உவவுக்குச் சொல்லு. இது உங்கடை மாலை, பிழையா எனக்கு வந்திட்டுது. பள்ளிக்கூடத்துப் பிள்ளையள் உங்களுக்கெண்டு தந்தது. அதுகள் கையாட்டினதும் உங்களுக்குத்தான். உங்களுக்குப் பதிலா நான் ஆட்டிப்போட்டன். அதையும் சொல்லு."

குகதாசன் என்னைப் பார்த்தார். சொல்லவேண்டாம் என்று அவர் காட்டவில்லை. நான் சொன்னேன்.

அம்மையார் முதலில் நான் சொல்வதை நம்பவில்லை. நம்பியதும், நூலகத்துப் படியில் நின்று, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். மாலையை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு மாமியின் இரண்டு கைகளையும் பிடித்தார். "நன்றாகக் கையசைத்தீர்களா?" என்று கேட்டார்.

"கை நொந்து போச்சு" என்றார் மாமி.

அதற்குமேல் நேரம் இல்லை. அம்மையாரை ஏற்றிக் கதவைச் சாத்தினார்கள். மற்றப் பக்கத்தால் நான் ஏறினேன். உறை கழன்றது, சங்குக் கொடி விரிந்தது. லக்ஷன் ஓட்டினான். நல்லவன், நன்றாகவே ஓட்டினான். மாமாவையும் மாமியையும் குகதாசன் தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு பின்னால் வந்தார். பின்கண்ணாடியால் பார்த்தேன். வானின் முன்சீற்றில் இருந்த மாமா, கழுத்தை நீட்டித் தன் காரையே பார்த்துக்கொண்டு வந்தார். பள்ளம் வருகிற இடங்களில் அவருடைய வலது கால் வெறுந்தரையை மிதித்திருக்கும்.

கோட்டை வாசலில் கார் நின்றது. லக்ஷன் ஓடிவந்து கதவை இழுத்தான். பாதுகாப்புக்காரரும் இழுத்தார். உள்ளே அம்மையார் பொறுமையாக இருந்தார்.

மாமா வானிலிருந்து இறங்கி வந்தார். அவசரப்படவில்லை. தூக்கினார், தள்ளினார், இழுத்தார். பிடித்த கதவோடு கொஞ்சம் குனிந்து சொன்னார்: "பார்த்து இறங்குங்கோ, தலை இடிபடும்."

அவர் என்ன சொல்கிறார் என்று அம்மையார் கேட்டார். சொன்னேன். அம்மையார் தலையைக் குனிந்து, கவனமாக, பல்லுப் பிடுங்கப் போகிறவர்கள் இறங்குகிறது போலவே இறங்கினார்.

அவருடைய பெரிய கறுப்புக் கார் அங்கே காத்து நின்றது. அதிலும் அதே சங்குக் கொடி இருந்தது. அவர் அதில் ஏறிப் போனதும், குகதாசன் உறையை மாமாவிடம் நீட்டினார்.

"இப்ப மூடலாம்தானே, ஐயா?"

"ஓம். இப்ப மூடலாம்."

மாமா செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் உறையைப் போட்டார். கம்பியைக் கழற்றினார். குஞ்சம் மடியாமல் பெட்டிக்குள் வைத்தார். மாமி கைகூப்பிக்கொண்டு நின்றார். குகதாசன் திறப்பைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு இரண்டு கைகளாலும் மாமாவின் கையைப் பிடித்தார்.

என் வேலையும் முடிந்திருந்தது. மாமாவோடு ஊருக்குத் திரும்பினேன். மாமி பின்னால் இடது பக்கம். நான் முன்னால். பண்ணைக் கடற்காற்று வந்துகொண்டிருந்தது. மட்கார்டில் குழாய் மட்டும் வெறுமனே நின்றது.

கொஞ்சத் தூரம் போனபிறகு மாமா கண்ணாடியில் பின்னால் பார்த்துச் சொன்னார். "ஒரு கிலோமீற்றர் ஓட்டக் குடுத்து வைக்கேல்லை, நல்லம்மா."

"ஆர் சொன்னது?" என்றார் மாமி. "புத்தூரிலையிருந்து நூலகம் வரைக்கும் ஆர் ஓட்டினது? கொடி பறந்ததோ இல்லையோ?"

"அது பறந்ததுதான். ஆனா உள்ளை அவ இருக்கேல்லையே."

"அவவை அந்தப் பெடியன் ஏத்தினவன். என்னை நீங்கள் ஏத்தினனீங்கள். எனக்குப் பொலிஸ்காரன் சல்யூட் அடிச்சவன். உங்களுக்கு உது காணாதோ?"

மாமா கண்ணாடியைச் சற்றுத் திருப்பினார். றோட்டைப் பார்க்கத் திருப்பினதாகத் தெரியவில்லை.

சந்தியில் ஒரு பொலிஸ்காரர் கையைக் காட்டி எங்களை மறித்தார். மற்றப் பக்கத்து மோட்டார்சைக்கிள்களும் மீன்பெட்டி கட்டின சைக்கிள் ஒன்றும் போகும்வரை நின்றோம். மாமி அந்தச் சைக்கிள் போகிற திசையைப் பார்த்தார்.

"இஞ்சருங்கோ."

"என்ன?"

"கொடி இறங்கீட்டுதெல்லே. குருநகர்ப் பக்கம் விடுங்கோவன். விளைமீன் வந்திருக்கும்."

பொலிஸ்காரர் கையை இறக்கினார். மாமா காரைக் குருநகர்ப் பக்கம் திருப்பினார்.